தண்ணிக்குப் பக்கத்தில் விளையாடுவதென்றால் மிதக்கிறதை வாங்குங்கள்

இந்த வாரம் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதுகிறேன். "ரிட்டையர்டு ஆனவனுக்கு இது எதுக்கு?" என்று கேட்கலாம். சார்லட் நகரில் மகன் வீட்டில் இரண்டு தடவை போய்த் தங்கியதில் பேரனோடு சேர்ந்து பார்த்த விளையாட்டு இது. அதில் வரும் ஒரு கேள்வி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் பார்த்தே தலை நரைத்த எனக்கு நன்றாகப் பழக்கமான கேள்வி. எது மிதக்கும், எது முழுகும்?

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் போலத்தான், ஆனால் மட்டையும் பந்தும் கிடையாது. கையளவுத் தட்டை வீசி, தூரத்தில் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தார். இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தட்டு விற்ற வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்தவர். 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானம் அமைந்தது. அடுத்த வருஷமே பி.டி.ஜி.ஏ. என்ற சங்கம் வந்துவிட்டது. சார்லட் பக்கம் இந்த மைதானங்கள் நிறைய. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராக் ஹில் ஊரில், வின்த்ராப் பல்கலைக்கழக ஏரியை ஒட்டி 1999-லிருந்து அமெரிக்க சாம்பியன் போட்டி நடக்கிறது.

ஏரி என்றாலே தட்டு தண்ணிக்குள் போகும். கரைக்கு அந்தப் பக்கம் கூடை இருந்தால், தண்ணியைத் தாண்டி வீசியாக வேண்டும். தாண்டாவிட்டால் பத்து டாலரோ இருபது டாலரோ போட்டு வாங்கிய தட்டு, குளுக் என்ற சத்தத்தோடு போய்விடும். அதனால்தான் மிதக்கும் தட்டு என்று தனியாக விற்கிறார்கள். இன்னோவா கம்பெனியில் டிராகன், ஹைட்ரா, வாஹூ என்று மூன்று பெயர் உண்டு.

"அப்பா, மிதக்கிற தட்டெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நல்லா பறக்கிற தட்டு மிதக்காது" என்பது என் மகனின் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சரக்கு. எங்கள் தொழிலில் பெயர் தெரியாத ஸ்கிராப் வந்தால் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு துண்டைப் போடுவோம். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். கொளுத்தினால் மெழுகுவத்தி வாசனை வரும். முழுகினால் மற்ற எதுவாகவும் இருக்கலாம். தண்ணி ஒரு சி.சி.க்கு ஒரு கிராம். பாலிபுரொப்பிலீன் 0.9, கெட்டிப் பாலிஎத்திலீன் 0.95 அருகே. இவை மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05, நைலான் 1.14, பாலியூரித்தேன் சுமார் 1.1 முதல் 1.2 வரை, தண்ணி பாட்டில் செய்யும் பெட் 1.38. இவை முழுகும். பழைய பாட்டிலை நறுக்கித் தொட்டியில் கொட்டினால் பாட்டில் துண்டு அடியிலும் மூடித் துண்டு மேலேயும் நிற்பது இதனால்தான். ரீசைக்கிளிங் தொழிலே இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் ஓடுகிறது.

டிஸ்க் கோல்ஃபில் மரத்தில் மோதினாலும் நசுங்காத, விலை கூடிய தட்டுகள் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. அவை சாதாரணமாக முழுகும். ஆக, விலை கூடக் கூட முழுகும் வாய்ப்பும் கூடுகிறது! உறுதிக்குக் கொடுக்கிற விலை அது.

இரண்டாவது, எடை. சங்கத்தின் விதிப்படி தட்டின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைதான் எடை இருக்கலாம். 21.1 சென்டிமீட்டர் தட்டென்றால் 175 கிராம். கடையில் இந்த எடையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். ஆனால் மோல்டு ஒன்றுதான், அதன் கொள்ளளவும் ஒன்றுதான். ஒரு கணக்குக்காக அதை 150 சி.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 கிராம் தட்டு முழுகும். 140 கிராம் தட்டு மிதக்கும். எடை குறைந்ததால் மட்டும் மிதக்கவில்லை, அதே இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைந்ததால் மிதக்கிறது. அப்படி எடையைக் குறைக்கச் சிலர் பிளாஸ்டிக்கில் நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலக்கிறார்கள். எங்கள் தொழிலில் குமிழி விழுந்தால் அது ரிஜெக்ட் பீஸ். அங்கே அதற்குத் தனி விலை!

அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே மாடல் வேறு வேறு பிளாஸ்டிக்கில், வேறு வேறு எடையில் வரும். மிதக்கும் என்று எழுதியிருக்கிறதா, எந்த எடை வரை என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் தண்ணியில் சோதியுங்கள். மெதுவாக மேலே வைத்தால் போதாது. குழிந்த பக்கம் கீழே இருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு முழுகுகிற தட்டும் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக மிதக்கும். சாய்த்து அமுக்கி, காற்றுக் குமிழியெல்லாம் வெளியே விட்டு, பிறகு கையை எடுங்கள். மேலே வந்தால் அதுதான் மிதக்கும் தட்டு.

மூன்றாவது, என் மகனின் வாதத்துக்குப் பதில். மிதக்கும் தட்டு லேசானது, எதிர்காற்றில் தூக்கிக்கொண்டு போகும் என்கிறான். உண்மைதான். தண்ணிக்கு மேலே காற்றும் சற்று அதிகம்தான். தண்ணியை எல்லைக்கு வெளியே என்று அறிவித்திருந்தால், விழுந்த தட்டு மிதந்தாலும் முழுகினாலும் ஒரு வீச்சு அபராதம் ஒன்றுதான். ஆக, கோப்பைக்காக விளையாடுகிறவர் தனக்குப் பழகிய தட்டையே வீசட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு விளையாடுகிறவருக்குப் பத்தடி தூரம் குறைந்தால் என்ன குடி முழுகிப் போகும்? தட்டு முழுகாமல் இருந்தால் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் தண்ணிக்கும் மிதக்கும் தட்டு பொருந்தாது. நிற்கிற ஏரி, குளத்தில் காற்று அதை ஏதாவது ஒரு கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பொறுமையாக உட்கார்ந்தால் போதும். ஓடுகிற ஓடையில் அது தண்ணியோடு போய்விடும். முழங்கால் அளவு தெளிந்த ஓடை என்றால் முழுகும் தட்டே மேல், விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் அந்த இருபது டாலர் இல்லை. 2022 மே மாதக் கடைசியில், புளோரிடாவில் லார்கோ என்ற ஊரின் பூங்கா ஏரியில், விழுந்த தட்டுகளைத் தேடி இறங்கிய ஒருவரை முதலை அடித்துக் கொன்றது. பூங்காவிலேயே டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. இறங்காதே என்று பலகையும் இருந்தது. முழுகிக் கிடக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு ஒரு உயிர். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இது விளையாட்டுச் சாமான் பிரச்சினையாகத் தெரியவில்லை.

நம் ஊரில் முதலை பயம் இல்லை. ஆனால் ஏரியில் மண் எடுத்த பள்ளம் இருக்கிறது. கல்குவாரியில் மழைத்தண்ணி தேங்கிய குட்டை இருக்கிறது. கரையிலிருந்து நாலடியில் முழங்கால் ஆழம், ஆறாவது அடியில் ஆள் உயரம். திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் என்று பெரியவை மட்டுமே இத்தனை. ஊருக்கு ஊர் இருக்கும் சித்தேரி, தாங்கல் வேறு. கோடையில் காய்ந்த ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மழை வந்ததும் அதே இடத்தின் கரையில் ஆடுகிறார்கள். பந்து தண்ணியில் விழுந்தால், நீச்சல் தெரிகிறதோ இல்லையோ, அடித்தவன்தான் எடுக்க வேண்டும் என்பது தெரு கிரிக்கெட் சட்டம். லீவு நாட்களில் வரும் பத்திரிகைச் செய்திகளை நீங்களும் படிக்கிறீர்கள். நான் விவரிக்க விரும்பவில்லை.

நல்லவேளையாக நம் பந்துகள் பெரும்பாலும் மிதக்கும். டென்னிஸ் பந்து மிதக்கும். தோல் கிரிக்கெட் பந்துகூட, கல் மாதிரி இருந்தாலும், 160 கிராம் எடைக்குக் கிட்டத்தட்ட 195 சி.சி. இடத்தை அடைக்கிறது. கணக்குப் போட்டால் 0.82. ஊறிப் போகும் வரை மிதக்கும். கோல்ஃப் பந்து 46 கிராமுக்குள், ஆனால் 41 சி.சி.கூட இல்லை. அது கல் போல முழுகும். பார்வைக்கு எது கனம், எது லேசு என்று நினைக்கிறோமோ அது வேறு, தண்ணி சொல்கிற கணக்கு வேறு.

மிதக்கிறது என்பதற்காகவே இறங்கிவிடுவார்களே, கண்ணுக்குத் தெரிவதுதானே ஆசையைக் கிளப்பும் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் முழுகிய பொருளை எடுக்க உள்ளே இறங்குவதைத் தவிரப் பையனுக்கு வழியே தெரியாது, அதுவும் கலங்கல் தண்ணியில் காலால் துழாவிக்கொண்டு. மிதக்கிற பொருளுக்கு நீளக் கழி போதும், காற்றுக்குக் காத்திருக்கலாம், எதிர்க்கரைக்கு நடந்து போகலாம். வழிகள் இருக்கும்போதுதான் "இறங்காதே" என்று சொல்வதற்கு மரியாதை.

கிணற்றில் வாளி விழுந்தால் நம் பெரியவர்கள் யாரையும் உடனே குதிக்கச் சொல்லவில்லை. பாதாளக் கரண்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். கொக்கி கொக்கியாகத் தொங்கும் இரும்பு. தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும், இரவல் வாங்கி வருவோம். அமெரிக்காவிலும் கயிற்றில் கட்டிய கொக்கியை வீசித் தட்டை இழுக்கிறார்கள். பார்த்ததும் "அட, நம்ம பாதாளக் கரண்டி!" என்றேன். பேரனுக்குப் புரியவில்லை. "தாத்தா, வாட் இஸ் தட்?" என்றான். விளக்கிச் சொன்னேன்.

ஆகவே என் கட்சி இது. தண்ணிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வீசி விளையாட எதை வாங்கிக் கொடுத்தாலும், தட்டோ பந்தோ, முதலில் ஒரு பக்கெட் தண்ணியில் போட்டுப் பாருங்கள். முழுகினால் அதை மேட்டு மைதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நீளக் கழியும் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதற்கும் எட்டாத தூரம் போனால், போகட்டும். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்பதைப் பெரியவர்கள் விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே, பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிவிட வேண்டும். பந்தைத் தொலைத்தால் வீட்டில் திட்டு விழும் என்ற பயம் இல்லாவிட்டால், பாதிப் பையன்கள் தண்ணியில் இறங்கவே மாட்டார்கள்.