மலையிலிருந்து வந்த மூட்டை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கு மூட்டை வந்து இறங்கியது. கல்வராயன் மலையிலிருந்து யாரோ அபிமானத்துடன் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சந்தோஷத்துடன் எழுந்தோம். அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே அத்தனையும் புஸ்தகங்கள்!

மூட்டையைச் சுமந்து வந்தவர் வெள்ளிமலைப் பக்கத்துக் குடியானவர். அருகில் நின்ற அவருடைய பெண், சென்ற வருஷம் நம்மிடம் தமிழில் கணக்குப்பதிவியல் படித்துத் தேறியவள். பட்டயக் கணக்காளர் ஆவதென்று தீர்மானித்து, முதற்படியான பவுண்டேஷன் பரீக்ஷைக்குப் பதிந்துகொண்டிருக்கிறாள்.

"வாத்தியாரையா, கிழங்கு விற்ற பணத்திலே வாங்கினதுங்க. இத்தனையும் படிச்சா போதுங்களா?" என்றார் தகப்பனார்.

போதுமாவது! எண்ணிப் பார்த்தோம், பதினெட்டு புஸ்தகங்கள். பரீக்ஷைக்கோ நாலே தாள்கள்தான். ஒரே பாடத்துக்கு ஐந்து ஆசிரியர்கள் ஐந்து வழி காட்டினால், பிள்ளை நாற்சந்தியில் நிற்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

அதிகமாக வாங்கியதுகூடப் பெரிய பிழையல்ல. பழையதை வாங்கியதுதான் பிழை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2023ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. புதிய திட்டத்தில் பவுண்டேஷன் பரீக்ஷை முதன்முதலாக 2024 ஜூனில் நடந்தது. முன்பு சட்டத் தாளோடு ஒட்டியிருந்த வணிகக் கடிதப் பகுதி நீங்கிவிட்டது. காசோலை, உண்டியல் முதலியவற்றைப் பற்றிய 1881ஆம் வருஷத்துச் சட்டம் உள்ளே வந்துவிட்டது. நம் பெண்ணோ, பழைய புஸ்தகத்தை நம்பி ஒரு மாத காலம் வணிகக் கடிதம் மனப்பாடம் செய்திருக்கிறாள்! அழகாகக் கடிதம் எழுதுவது வாழ்க்கைக்கு நல்லது. இந்தப் பரீக்ஷைக்கு ஒரு மார்க்கும் தராது. அவள் கண் கலங்கியதைக் கண்டு, அதை விற்ற மகானுபாவரை மனத்துக்குள் வாழ்த்தினோம்.

மேல்படிகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருஷத்துச் சட்டம், 2026 ஏப்ரல் முதல் தேதி வந்து அமர்ந்திருக்கிறது. எந்தப் பரீக்ஷைக்கு எந்தச் சட்டம் என்பதை நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளாமல் வரிப் புஸ்தகம் வாங்குகிறவர், போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவருக்குச் சமானம்.

பின்னே எதைத்தான் படிப்பது? நிறுவனமே வெளியிடும் பாடப் புஸ்தகந்தான் மூலம். அதை வலைத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நேரலை வகுப்புகளும் உண்டு. "மலையிலே சிக்னல் வந்தா வருதுங்க ஐயா, மழை பிடிச்சா அதுவும் போயிடுது" என்றாள் பெண். ஆகையால் கள்ளக்குறிச்சிக்கு வரும் நாளில் வேண்டிய அத்தியாயங்களை இறக்கி, அச்செடுத்துக்கொண்டு போவதென்று ஏற்பாடு.

ஆனால் மூலம் ஒன்று மட்டும் அவளுக்குப் போதாது. இந்தப் பரீக்ஷையை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ எழுதலாம். தமிழில் எழுத இடமில்லை. பன்னிரண்டு வருஷம் தாய்மொழியில் படித்த குழந்தைக்கு இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே நம் அபிப்பிராயம். நியாயம் கிடைக்கிற வரையில் பரீக்ஷை காத்திருக்காதே! ஆகவே பாலம் ஒன்று வேண்டும். பதினோராம் வகுப்புத் தமிழ்க் கணக்குப்பதிவியல் புஸ்தகந்தான் அந்தப் பாலம். முதலில் தமிழில் தேய்மானம் விளங்கட்டும். அப்புறம் அதே கணக்கை இங்கிலீஷில் போடட்டும். ஒரு நோட்டில் பேரேடு, இருப்பாய்வு, சரக்கிருப்பு என்று இடப்புறமும், இங்கிலீஷ்ச் சொற்களை வலப்புறமும் எழுதி வரட்டும்.

'வரவு' என்ற சொல் ஒன்று போதும், பாலம் எதற்கென்று காட்ட. வீட்டுக் கணக்கில் கைக்குப் பணம் வந்தால் வரவு. பள்ளிப் புஸ்தகத்திலோ 'வரவு' என்பது கிரெடிட். கைக்கு வந்த ரொக்கத்தை ரொக்கக் கணக்கில் பற்றுப் பக்கத்தில், அதாவது டெபிட்டில் எழுதவேண்டும். இதைத் தமிழிலேயே தெளிந்து கொள்ளாதவர், இங்கிலீஷில் எத்தனை ஆசிரியரைப் படித்தும் தடுமாறத்தான் செய்வார்.

கணிதம் வேறு சங்கதி. பிளஸ் டூவில் கணிதமில்லாத பிரிவில் படித்தவள் இவள். அதற்கு மட்டும் வெளி ஆசிரியர் ஒருவரின் பயிற்சிப் புஸ்தகம், ஒன்றே ஒன்று, இருக்கலாம். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40, மொத்தத்தில் 400க்கு 200 வாங்கினால்தான் தேற்றம். மற்ற மூன்றில் கொடிகட்டிப் பறந்து கணிதத்தில் 39 வாங்கினாலும் தோல்விதான். அதிலும் கணிதம், பொருளாதாரம் இரண்டும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள்கள். தப்பான விடைக்குக் கால் மார்க் குறைப்பார்கள். சட்டத்துக்கு, நிறுவனம் பிரசுரிக்கும் மாதிரி விடைகளே நல்ல குரு: சட்டம் சொல்வது என்ன, வழக்கின் விவரம் என்ன, முடிவு என்ன என்று எழுதும் முறை அதில் தெரியும். பரீக்ஷை நெருங்கினால் மாதிரித் தேர்வுத் தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதவேண்டும். அப்போது புதுப் புஸ்தகம் எதையும் திறக்கக் கூடாது.

தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்பளைப் புள்ளைக்கு இது ஆகுங்களா?" என்றார். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர்ச் சிறையில் இருந்த ஆர். சிவபோகம் அம்மையார், 1933இல் கணக்கியல் டிப்ளமா பெற்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளரான கதையைச் சொன்னோம். "ஜெயிலுக்குப் போய் வந்தா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

பதினெட்டில் இரண்டைத் திண்ணையில் நிறுத்திக்கொண்டோம். மற்றவற்றில் நல்ல நிலையில் இருந்தவற்றைத் திருப்பி விற்கலாம் என்றோம். பழைய சட்டப் புஸ்தகத்தை மட்டும் விற்கவேண்டாம், இன்னொரு குழந்தையின் கையில் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டோம். பதினோராம் வகுப்புப் புஸ்தகம் எங்கே என்றதற்குப் பெண் தலைகுனிந்தாள். பரீக்ஷை முடிந்ததுமே பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டதாம். நம் பிரதியைக் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த மூட்டையில் கட்டாயம் கிழங்கு இருக்கும் என்று தகப்பனார் வாக்களித்துவிட்டு பஸ் ஏறினார்.