ஒயினுக்கு ஒரு பாட்டு, குவார்ட்டருக்கு ஒரு பாட்டு

காபர்நே சாவிஞான் என்ற சிவப்பு ஒயின் குடித்தால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கேட்க வேண்டுமாம். ஷார்டனே என்ற வெள்ளை ஒயினுக்கு டினா டர்னராம். மாற்றிக் கேட்டால் தெய்வக் குத்தம் ஆகிவிடும் போல. 2008ல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு ஆராய்ச்சியை ஒட்டி வந்த பட்டியல் இது. அதற்கப்புறம் இந்த மாதிரிப் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்த ஒயினுக்கு எந்த ராகம் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு பாடம் எடுக்க ஆள் இருக்கிறது, காசு கொடுத்து உட்கார்ந்து கேட்கவும் ஆள் இருக்கிறது.

விருதுநகர்க்காரனுக்கு ஒயினைப் பற்றி என்னடா தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று சொல்லும் கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக ஓடும். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தபோதும் கடை மாறியதே தவிர ஜனங்கள் வாயில் அந்தப் பெயர் மாறவில்லை. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது, 2023ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. எங்களுக்கு அது பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் வாங்கும் பழம், அவ்வளவுதான். ஆனால் நான் படிப்பது பி.காம். ஒயின் தெரியாவிட்டாலும் வியாபாரம் கொஞ்சம் தெரியும். இந்தப் பொருத்தம் பார்க்கிற வேலை ருசி சம்பந்தப்பட்டதே இல்லை, முழுக்க முழுக்க வியாபாரம் என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்த ஆராய்ச்சியைப் பார்ப்போம். ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் நார்த் என்ற பேராசிரியர் 250 பேருக்கு ஒயின் கொடுத்தார் (கொடுத்து வைத்த மாணவர்கள்!). குடிக்கும்போது சிலருக்குக் கனமான இசை, சிலருக்கு மென்மையான இசை, சிலருக்குத் துள்ளலான இசை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. 'கார்மினா புரானா' என்ற இடி முழக்கத்தைக் கேட்டவர்கள் சிவப்பு ஒயின் கனமாக, வலுவாக இருக்கிறது என்றார்கள். பாட்டே கேட்காதவர்களைவிட 60 சதவீதம் அதிக மதிப்பெண். கவனியுங்கள், எல்லோருக்கும் ஊற்றியது அதே ஒயின்தான். அப்படியென்றால் மாறியது ஒயின் இல்லை, குடித்தவனின் புத்தி. சரக்கு, சிலி நாட்டு மோன்டெஸ் கம்பெனியுடையது. அந்த முதலாளி தன் பாதாள அறையில் இருக்கும் பீப்பாய்களுக்கு மடாலயப் பாடல்கள் போட்டுக் கேட்க வைக்கிறார் என்பது தனிக் கதை.

இதே நார்த்தும் கூட்டாளிகளும் 1997ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வைப் பட்டியல் போடுகிறவர்கள் பேசவே மாட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு ஒயினையும் ஜெர்மன் ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள். ஒரு நாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை. பிரெஞ்சு இசை ஓடிய நாட்களில் பிரெஞ்சு பாட்டில் 40 போனது, ஜெர்மன் 8. ஜெர்மன் இசை ஓடியபோது பிரெஞ்சு 12, ஜெர்மன் 22. வாங்கியவர்களில் 44 பேரிடம் ஏன் இதை எடுத்தீர்கள் என்று விசாரித்தால், பாட்டுதான் காரணம் என்று தானாகச் சொன்னவர் ஒரே ஒருவர்! 1993ல் அமெரிக்காவில் அரேனி, கிம் என்ற இருவர் ஒரு ஒயின் கடையில் செவ்வியல் இசை போட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் அதிக பாட்டில் வாங்கவில்லை. அதிக விலை பாட்டிலாக வாங்கினார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு கடைக்காரனுக்கு?

இதைப் புரிந்துகொள்ள சிவகாசிக்காரன் ஸ்காட்லாந்து போக வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் பின்னாலேயே லேபிள் அடிக்கிற அச்சகமும் வந்தது. பூனை, ரோஜா, கப்பல் என்று பெட்டி மேலே விதவிதமாகப் படம், உள்ளே அதே குச்சி. லேபிள்தான் சரக்கை விற்கும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பையனுக்கும் தெரியும். போதாததற்கு நாங்கள் சத்தத்தையே விற்கிறவர்கள். 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் ஒன்று, சத்தத்தைச் சத்தம் என்று சொல்லித்தான் விற்கிறோம். ருசி என்று சொல்லி விற்பதில்லை.

உடனே ஒரு கோஷ்டி "அன்றே சொன்னான் தமிழன்" என்று கிளம்பும். யவனர் கொண்டுவந்த தேறலைக் குடித்து இனிது வாழ் என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் 56வது பாட்டு. அவர்கள் ஜாடியின் ஓடுகள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கிடைத்திருக்கின்றன. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உணவு, பறை, யாழ் என்று தனித்தனியாக உண்டு என்கிறது. எல்லாம் சரிதான். அங்கே யாழ் சேர்ந்திருந்தது நிலத்தோடும் தொழிலோடும். எந்த யாழை மீட்டினால் எந்த ஜாடி விலை கூடப் போகும் என்று எந்தப் புலவரும் கணக்குப் போடவில்லை.

கணக்குப் போட்டது நம் காலத்துக் கம்பெனிகள். கேபிள் டெலிவிஷன் விதிகள் (1994) மது விளம்பரம் கூடாது என்கின்றன. சரக்குக் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? மியூசிக் சிடி விற்கிறோம் என்றன! ராயல் ஸ்டாக் மியூசிக் சிடி, பகார்டி மியூசிக் சிடி. டிவியில் அதே எழுத்து, அதே சின்னம், அதே மினுமினுப்பு, கடைசியில் பொடி எழுத்தில் 'மியூசிக் சிடி'. நானும் சின்ன வயதிலிருந்து இந்த விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த சிடியை வாங்கிய ஒரு ஜீவனைக்கூடப் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் இதற்குச் 'சரோகேட் அட்வர்டைசிங்' என்று பெயர், ஐந்து மார்க் கேள்வி. 2022 ஜூனில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை போட்டு இதைத் தடை செய்தது. பாட்டு, போத்தலுக்கு முகமூடியாக இருந்தது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகும், ஸ்டார் ஓட்டலில் அதையே செய்தால் 'ரசனை' என்று பெயர் வருகிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது.

"உனக்கென்னப்பா வந்தது, நாலு பேர் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் குடித்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். போகட்டும். மதுவைப் பற்றி நான் இங்கே உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் குடிக்கிறவன் புத்தியைப் பாட்டு மாற்றும் என்று நிரூபித்துவிட்டீர்கள் இல்லையா? அப்படியானால் அந்த விதி ஸ்டார் ஓட்டலோடு நிற்காது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா பட்டாசு ஆலையில் வெடி பின்னுகிறார். வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிறவர். சனிக்கிழமை இரண்டு பேருக்கும் சம்பளம். இரண்டு தெரு தள்ளி பார், அதன் ஸ்பீக்கர் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். அக்காவிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. குத்துப்பாட்டு ஓடும்போதே மனுஷன் எழுந்து வந்துவிட்டால் வாய்ச்சண்டையோடு போகும், சட்டைப்பையில் பணமும் மிச்சம் இருக்கும். "சோகப் பாட்டு போட்டுட்டாய்ங்கன்னா ரெண்டாவது குவார்ட்டர் உடைச்சாச்சுன்னு அர்த்தம் தம்பி. அன்னைக்கு அழுதுகிட்டே வருவாரு, பையில பீடிக் கட்டுதான் இருக்கும்" என்பார். ஒரு பழைய காதல் தோல்விப் பாட்டு, கல்யாணத்துக்கு முன்னால் அக்காவுக்கு உயிராம். இப்போது எஃப்.எம்மில் அது வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுகிறார். பாடினவர் மேல் ஒன்றும் கோபம் இல்லை, நல்லாத்தான் பாடியிருக்காரு என்கிறார், கேட்கத்தான் முடியவில்லையாம்.

ஏட்ரியன் நார்த்தின் 250 பேரைவிட இந்த ஒரு அக்காவின் பட்டியல் துல்லியமானது. பாட்டு மாறினால் குடிக்கிற வேகம் மாறும், செலவாகிற தொகை மாறும் என்பது பார் நடத்துகிறவருக்கும் தெரியாமல் இல்லை. டாஸ்மாக் மூலம் அரசுக்கு 2023-24ல் வந்தது 45,855 கோடி ரூபாய், அடுத்த வருடம் 48,344 கோடி. அந்தக் கணக்கில் எங்கள் தெரு சனிக்கிழமைகளும் இருக்கின்றன. அங்கே நடந்தால் குடிகாரக் கூச்சல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்தால் புலன்களின் சங்கமமா?

சினிமாவில் ஹீரோ கிளாஸைக் கையில் எடுத்ததும் திரையின் ஓரத்தில் உடல்நலத்துக்குக் கேடு என்று ஒரு வரி ஓடுகிறதே, ஒயினுக்குப் பாட்டு சொல்கிற பட்டியல்களின் அடியிலும் அதைப் போடட்டும். கூடவே 40, 8, 12, 22 என்ற அந்த நாலு எண்ணையும் போடட்டும். அதைப் படித்த பிறகும் காபர்நேவுக்கு ஹெண்ட்ரிக்ஸ்தான் வேண்டும் என்கிறவர் தாராளமாகக் கேட்டுக்கொள்ளட்டும், கொஞ்சம் ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டு.