பொதுத் தோசைக்கல்

கேம்பர்வேன் வாடகைக்கு விடுபவர்களின் விளம்பரத்தில் எப்போதும் ஒரே படம்தான். கடலைப் பார்த்து நிற்கும் வண்டி, திறந்து கிடக்கும் பின்கதவு, காபிக் கோப்பையோடு ஒரு ஜோடி. சுற்றிலும் ஈ காக்கை இருக்காது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது கிளம்பலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்பது சேதி. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், பிரிஸ்பேனில் வண்டி எடுத்து, தெற்கே பைரன் பே, வடக்கே நூசா என்று நானும் மனைவியும் அக்டோபரில் சுற்றினோம். அந்தப் படத்தில் இல்லாதவைதான் எங்கள் பயணத்தை நடத்திக்கொடுத்தன.

முதலாவது, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பைரன் பேயில் தெருவோரம் வண்டிக்குள் படுத்துத் தூங்கத் தடை. நகராட்சி ஆட்கள் ரோந்து வந்து அபராதச் சீட்டு எழுதுவார்கள். இரவுக்குக் கேரவன் பார்க்கில் காசு கட்டி இடம் பிடிக்க வேண்டும். அங்கே கரன்ட், தண்ணீர்க் குழாய், பொதுக் குளியலறை எல்லாம் உண்டு. வண்டிக் கழிவறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் உருவி எடுத்து, ‘டம்ப் பாயின்ட்’ என்று பலகை வைத்த இடத்தில் கவிழ்த்து, அலசி, மருந்து ஊற்றி, மறுபடி செருக வேண்டும். காபி குடிக்கும் அந்த ஜோடியில் இது யார் வேலை என்று விளம்பரம் சொல்வதில்லை. எங்கள் வண்டியில் அந்தச் சந்தேகமே எழவில்லை.

போக முடியாத இடங்களும் உண்டு. நூசாவுக்கு வடக்கே உலகின் மிகப் பெரிய மணல் தீவு இருக்கிறது. ஃப்ரேசர் என்றிருந்த அதன் பெயரை 2023-ல் பட்சுல்லா பழங்குடி மக்கள் வழங்கும் ‘கரி’ என்ற பெயருக்கே மாற்றினார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் அந்த மணலில் ஓடும். வேன்காரர்கள் கரையில் வண்டியை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

பைரன் முனை ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி. 1901-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் மேட்டில் நிற்கிறது. நடந்து ஏறிப் போகக் காசு இல்லை, வண்டி நிறுத்தத்தான் காசு. அக்டோபரில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே அண்டார்டிக் கடலுக்குத் திரும்பும். தூரத்தில் வெள்ளையாக ஒரு மூச்சு பீய்ச்சும். யாராவது கைநீட்டி, மற்றவர்கள் திரும்புவதற்குள் அடங்கிவிடும். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கரிய முதுகு ஒன்று நிதானமாக உருளும், பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று.

இதே பைரன் பேயில் 1954 முதல் 1962 வரை திமிங்கிலம் அறுக்கும் தொழிற்சாலை நடந்தது. பிரிஸ்பேனுக்கு எதிரே டங்கலூமாவிலும் ஒன்று. பிடிக்கத் திமிங்கிலம் மிஞ்சாமல் போனதால்தான் இரண்டையும் 1962-ல் மூடினார்கள். அப்போது இந்தக் கரையில் எஞ்சியவை சில நூறு. பிறகு வேட்டைக்குத் தடை வந்தது, தடை நிலைத்தது, கூட்டமும் பெருகியது. 2022-ல் ஆஸ்திரேலிய அரசு அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே இவற்றை எடுத்துவிட்டது. நாங்கள் இலவசமாகப் பார்த்த காட்சிக்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கட்டுப்பாடு இருக்கிறது.

கடலில் இறங்கவும் விதி உண்டு. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு, அலை குறைந்து, நீர் கறுத்து, சாந்தமாகத் தெரிகிற இடமே பத்திரம் என்று தோன்றும். ஆளை ஆழத்துக்கு இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மணல்திட்டு இடம் மாற மாறக் கடற்கரைக் காவலர்கள் கொடியையும் பிடுங்கி நடுகிறார்கள். அந்தக் காவலர்களில் பலர் சம்பளம் வாங்காத உள்ளூர்த் தன்னார்வலர்கள்.

நூசா தேசியப் பூங்காவின் கடலோரப் பாதையில் தாழைப் புதர்கள் பாறைமீது வேரூன்றி நிற்கின்றன. இந்தக் கரை நெடுக மணலில் சவுக்கு. நம் கடற்கரைக்கு நட்டு வளர்த்த மரமாக வந்த சவுக்கு, இங்கே தானாக முளைக்கும் மண்ணின் பிள்ளை.

இனி தோசைக்கு வருகிறேன். இந்தக் கரையில் அநேகமாக எல்லாக் கடற்கரைப் பூங்காவிலும் நகராட்சி மின்சார அடுப்பு வைத்திருக்கிறது. செங்கல் மேடை, மேலே எவர்சில்வர் தகடு, பக்கத்தில் ஒரு பொத்தான். காசு போட வேண்டாம். அமுக்கினால் சூடாகும், சற்று நேரத்தில் தானே அணையும், மறுபடி அமுக்க வேண்டும். பிரிஸ்பேன் இந்தியக் கடையில் வாங்கிய மாவு கைவசம் இருந்தது.

“ஏங்க, நல்லாச் சுரண்டுங்க. காலையில யார் பன்னிக்கறி வறுத்தாங்களோ” என்றாள் மனைவி.

சுரண்டி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். கொழுப்பு வடிய நடுவில் ஓட்டை வைத்து, அதை நோக்கித் தகட்டைச் சரித்திருக்கிறார்கள். முதல் தோசை அந்த ஓட்டைக்குள் போயிற்று. அடுத்ததை மூலையில் சின்னதாக ஊற்றியதும் மொறுமொறுவென்று வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வண்டியில் திரியும் ஓய்வுபெற்றவர்களை அங்கே ‘கிரே நோமாட்ஸ்’ என்பார்கள். அப்படி ஒரு தம்பதி அடுத்த மேசையில் இருந்தார்கள். ஆளுக்கொரு தோசை கொடுத்தோம். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெரியவர் எழுந்து வந்து, நான் துடைத்து வைத்த கல்லை இன்னொரு முறை துடைத்துவிட்டுப் போனார். அடுத்து வருபவருக்காம்.

நம் பக்கம் கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அது வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வண்டியைப் பணம் உள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அரசு செய்ய வேண்டியது, பூட்டுப் போடாத ஒரு கழிப்பறை, தண்ணீர் வருகிற ஒரு குழாய், குளிக்கிற இடத்தைக் காட்டும் கொடி, கொடிக்குப் பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பத்துக்கும் தேவை அதேதான். அவர்களுக்குச் செய்து கொடுத்தால் வேன்காரர்களுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்காது.