கண்மாய் ஆய்வகத்தில் நமக்கும் இடம் வேண்டும்

கண்மாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் குறையும். இரவெல்லாம் பாசியும் செடியும் மீனும் அதைச் சுவாசிப்பதே காரணம். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். பத்து மணிப் பேருந்தில் கருவியோடு வரும் மாணவர் இதைப் பார்க்க முடியாது. கரையிலேயே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

தென் மாவட்டங்களில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிட்ட நீர்ப்பாய்ச்சிகளில் பலர் தலித்துகள். அவர்களையே பொதுக் கிணற்றிலும் ஊருணியிலும் தள்ளி நிறுத்தியது சாதி. 1927இல் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது இந்த அநீதியை எதிர்த்துத்தான்.

எனவே, நன்னீர் ஆராய்ச்சிக்கான கள ஆய்வகங்களை மேம்படுத்துவது நுண்ணோக்கி வாங்குவதோடு முடியக்கூடாது. இரவு தங்கிப் படிக்க, ஏழை மாணவர்களுக்குக் கட்டணமில்லா விடுதி வேண்டும். நீர்ப்பாய்ச்சிக் குடும்பத்தவர்களைப் படகு தள்ளும் தினக்கூலியாக வைக்காமல், அளவெடுத்துப் பதிவேடு எழுதும் நிரந்தரப் பணியாளர்களாக நியமிக்க வேண்டும்.

இன்னொன்று. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரியவந்தது. கண்மாயைச் சோதிக்கும் ஆய்வகம், சுற்றியுள்ள குடியிருப்புகளின் தொட்டிகளையும் மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊர்ப் பலகையில் எழுதட்டும். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் பலன் முதலில் சேரிக்கு வரட்டும்.