களவியல் நடத்தும் வகுப்பறை

முதுகலைத் தமிழ் வகுப்பில் தொல்காப்பியக் களவியலை நடத்துகிறோம். திருமணத்துக்கு முந்தைய கூடலைத் துறை துறையாகப் பிரித்து விளக்கி, தேர்வில் வினாவும் கேட்கிறோம். அதே வகுப்பில் 'ஆணுறை' என்று உச்சரித்துவிட்டால் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வரும். இந்த இரட்டை வேடத்துக்குத்தான் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2005இல் நடிகை குஷ்பு ஒரு வார இதழ்ப் பேட்டியில், மணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருவுறாமலும் நோய் தொற்றாமலும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். துடைப்பமும் செருப்புமாக ஊர்வலம் கிளம்பியது. இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள். உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்ய 2010 ஏப்ரல் ஆயிற்று. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், இதே தமிழகத்தின் தலைநகரில் என்பது ஊர்வலக்காரர்களுக்கு நினைவில்லை போலும்.

கல்லூரிகள் அறவே பேசவில்லை என்று சொல்லமாட்டேன். செஞ்சுருள் சங்கம் உண்டு, டிசம்பர் 1 அன்று உறுதிமொழி உண்டு, கோலப்போட்டிகூட உண்டு. எல்லாம் எய்ட்ஸ் என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணுடலில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் தங்கியிருந்து, கருக்குழாயைச் சிதைத்துப் பிள்ளைப்பேற்றையே தடுக்கக்கூடியவை. உரிய காலத்தில் கண்டால் மருந்தில் குணமாகிவிடுபவை. இதை எந்தக் கோலமும் சொல்வதில்லை. விடுதியில் அடிவயிற்று வலி என்று சுருண்டு கிடப்பவளுக்குக் கிடைக்கும் மருத்துவம், 'உடம்புச் சூடு, இளநீர் குடி'.

இது வெறியாட்டன்றி வேறென்ன? மகளின் மெலிவைக் கண்ட தாய், முருகு அணங்கியது என்று வேலனை அழைப்பாள். ஒரு பாவமும் அறியாத ஆட்டுக்குட்டி பலியாகும். காரணம் அறிந்த தோழி அறத்தொடு நின்று செவிலியிடம் உண்மையைச் சொல்வாள். இன்றும் தோழிகளுக்கு எல்லாம் தெரியும். செவிலியின் இடத்தில் இருக்க வேண்டிய ஆசிரியர்கள்தாம் வேலனாக ஆடிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பவர்கள், சொல்லாததால் என்ன நடக்கிறதென்று பார்க்கட்டும். பதினெட்டு நிறைந்தவளின் கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்பது அவளுடைய ஒப்புதலை மட்டுமே. பெற்றோர் கையெழுத்தை அன்று. மணமாகாதவள் என்பதற்காக 20 முதல் 24 வார காலத்தில் அந்த உரிமையை மறுக்கலாகாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாமல்தான் அவள் மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கி, விடுதிக் கழிவறையில் தனியே உதிரம் போக்குகிறாள். வாரம் ஒரு நாள், பெயர்ப் பதிவேடு இல்லாத அறையில், ஒரு பெண் மருத்துவரை உட்காரவைக்கக் கல்லூரிகளுக்கு என்ன தடை?