முதலில் தரை, பிறகு இரும்பு!

நகரசபைப் பூங்காக்களிலும் பஞ்சாயத்து மைதானங்களிலும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடங்கள் எழுந்து வருகின்றன. நீலமும் மஞ்சளும் பூசிய இரும்புச் சாதனங்கள் வரிசையாக நிற்கின்றன. திறப்பு விழா நடக்கிறது, ரிப்பன் வெட்டப்படுகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். மாதச் சந்தா கட்டிக் கண்ணாடிக் கதவுக்குள் பயிற்சி செய்ய வசதியில்லாத உழைப்பாளி மக்களுக்குக் காசில்லாமல் உடலைப் பேண ஓர் இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது ஓரளவாவது நிறைவேறுவது நல்லதே.

ஆனால் ரிப்பன் வெட்டுகிறவர்கள் குனிந்து பார்க்காத ஓர் இடம் உண்டு. அது அவர்கள் காலடியில் இருக்கும் தரை. எத்தனை சாதனம், என்ன சாதனம், எந்த வர்ணம் என்றெல்லாம் ஆலோசனை நடக்கிறது. அவற்றின் அடியில் எதைப் போடுவது என்பது மட்டும் காண்ட்ராக்டரின் சௌகரியத்துக்கு விடப்படுகிறது. எதைப் போடுவது சுலபமோ, பில்லில் எது பெரிதாகத் தெரியுமோ, அதுவே தரையாகிறது.

இதன் பலன் என்ன? ஒரு சிற்றூரில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் பயிற்சி செய்து வந்தான். எட்டடி உயரத்தில் சிங்கிள் பார். அதன் கீழே வழவழவென்று பூசிய சிமெண்ட் தளம். பனி ஈரத்தில் கை வழுக்கியது. விழுந்தவன் கையை ஊன்றினான், மணிக்கட்டு முறிந்தது. தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. "பையனுக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை" என்றார்கள் ஊரார். பாரில் தொங்குகிறவன் என்றாவது ஒரு நாள் விழத்தான் செய்வான். விழுகிறவனைத் தாங்குவது தரையின் வேலை. குற்றம் பையனின் கையில் இல்லை. அந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தவர்களின் அலட்சியத்தில் இருக்கிறது.

இந்த மைதானங்களில் பயிற்சி செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடியாக வேண்டும், கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். ராணுவத்துக்குப் போகிறவன் 1.6 கிலோமீட்டர் ஓடி, பார் எடுத்து, 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். ஒரு சர்க்கார் வேலையை நம்பிக் குடும்பமே காத்திருக்கிறது. இந்நிலையில் ஓர் எலும்பு முறிவு ஓர் ஆண்டை விழுங்கிவிடும்; வயது வரம்போ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

"நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் மில்லில் நிற்கிறவனுக்கும் உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்கும் பெரிய மனிதர்களும் உண்டு. வேலை வேறு, பயிற்சி வேறு. நாற்று நடும் பெண்ணின் முதுகு மணிக்கணக்கில் ஒரே பக்கமாக வளைந்து கிடக்கிறது. ஸ்பின்னிங் பகுதியில் எட்டு மணி நேரம் கான்கிரீட் தரையில் நடந்து கொண்டே இருக்கிறவரின் குதிகாலும் முழங்காலும் படும் பாட்டை அவரிடம் கேட்க வேண்டும். வளைந்ததை நிமிர்த்தவும், இறுகியதைத் தளர்த்தவும்தான் பயிற்சி. மில்லின் கான்கிரீட்டை விட்டு வெளியே வந்து பூங்காவின் கான்கிரீட்டில் குதிப்பதற்குப் பெயர் பயிற்சியா?

ஆகவே எந்தத் தரை எதற்கு உதவும் என்பதை உழைப்பாளி மக்கள் தாங்களே அறிந்து பேச வேண்டியது அவசியம். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

முதலாவதாக, சிமெண்ட், பேவர் பிளாக், டைல்ஸ். இவற்றுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. விழுகிற வேகம் முழுவதையும் எலும்பே வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் விளையாட்டுச் சாதனங்களின் அடியில் கான்கிரீட்டும் தாரும் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புக் கமிஷன் தன் கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழவழப்பான டைல்ஸ் பனியிலும் மழையிலும் சறுக்குப் பலகையாகிவிடும். நிழலில் கிடக்கும் பேவர் பிளாக்கில் ஐப்பசி, கார்த்திகையில் பாசி படியும். சாதனங்களின் கால்களைப் பூமியில் ஊன்றவும், நடைபாதைக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர் சாதனம் வரை போய்ச் சேரவும் சிமெண்ட் வேண்டியதுதான். சிமெண்டின் எல்லை அதுவே.

இரண்டாவதாக, ரப்பர் தளம். பழைய டயர்களை அரைத்துப் பசையிட்டு அழுத்திச் செய்வது. போதுமான கனம் இருந்தால் விழுகிறவரை இது தாங்கும். ஆனால் ஒரு விரற்கடைக் கனத்தில் பெயருக்கு விரித்தால் அது வெறும் அலங்காரம். அடியிலுள்ள கான்கிரீட்டின் அடி அப்படியே மேலே வரும். வெயிலும் இதற்கு விரோதி. கறுப்பு ரப்பர் சித்திரை வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும். நாளடைவில் பசை விட்டு ஓரம் தூக்கும். தூக்கிய ஓரம் காலைத் தடுக்கும். டயர்த் துகளில் நச்சுப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்ற பிரச்சினையும் உண்டு. ஐரோப்பிய யூனியன் 2021-ல் சட்டம் செய்து, அத்தகைய எட்டு நச்சுப் பொருள்களும் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. 2022 முதல் அது அமலில் இருக்கிறது. செயற்கைப் புல் மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக், ரப்பர்த் துகள்களின் விற்பனையை 2031-ல் நிறுத்த வேண்டும் என்று 2023-ல் முடிவு செய்தது. அங்கே கதவடைக்கப்படும் சரக்கு இங்கே மலிவாக வந்து குவியக்கூடும். எனவே சோதனைச் சான்று கேட்டு வாங்குவது பீதியல்ல, விவேகம்.

மூன்றாவதாக, செயற்கைப் புல். போட்டோவுக்கு இதைவிட அழகான தரை கிடையாது. ஆனால் கோடை வெயிலில் இதன் மேற்பரப்பு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும். வெறுங்காலுடன் வரும் விவசாயத் தொழிலாளியின் மகள் அதில் எப்படிக் காலை வைப்பாள்? காலை ஷிப்ட் முடிந்து பிற்பகலில் வரும் தொழிலாளி அதில் எப்படித் தண்டால் எடுப்பார்? நிழலில்லாத இடத்தில் இதைப் போடுவது மக்கள் பணத்தை வெயிலில் காய வைப்பதாகும்.

நான்காவதாக, மணல். பாரின் அடியிலும், கயிற்றின் அடியிலும், தாண்டும் இடத்திலும் நம் ஊருக்குப் பொருத்தமானது இதுவே. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவரைத் தாங்க 20 சென்டிமீட்டர் தளர்ந்த மணல் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கால் பட்டு ஒதுங்கும் மணலுக்கு ஈடாக இன்னும் 10 சென்டிமீட்டர் சேர்க்கச் சொல்லுகிறார்கள். ஆக, ஓரடி. கணக்குப் பாருங்கள்: ஐந்தடிப் பாருக்குச் சுற்றிலும் ஐந்தடி விட்டால் 15 அடி நீளம், 10 அடி அகலம்; ஓரடி ஆழத்துக்கு 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் மணல். ஒரு வீட்டுக்கு ஒட்டுத்திண்ணை கட்டும் சாமான்! இதற்கா பணமில்லை?

ஆனால் மணல் என்றால் கழுவிய, உருண்டை மணியான மணல். குவாரித் தூளையும் எம் சாண்டையும் கொட்டிவிட்டு மணல் போட்டதாகக் கணக்கு எழுதக்கூடாது. உடைகல்லின் கூர்முனையும் தூளும் ஒன்றோடொன்று கவ்வி, ஒரு மழைக்குப் பிறகு தரை கெட்டியாகிவிடும். ஆற்று மணல் அருமையான பொருள். ஆற்றைச் சுரண்டி மைதானம் முழுவதும் நிரப்பச் சொல்லவில்லை. விழும் இடத்துக்கு மட்டும் போதும். பள்ளத்தின் அடியில் செங்கல் ஜல்லி பரப்பி, தண்ணீர் வெளியேற வழி செய்ய வேண்டும். தினமும் மணலைக் கொத்தி நிரவி, கண்ணாடித் துண்டும் நாய்க் கழிவும் அகற்ற வேண்டும்.

ஐந்தாவதாக, மண். ஓடுவதற்கும், சிலம்பம் சுற்றுவதற்கும், சடுகுடு ஆடுவதற்கும், பஸ்கி எடுப்பதற்கும் பதமாக இடித்த செம்மண் தரைக்கு இணை ஏது? செம்மண்ணும் சரளையும் கலந்து, ஈரம் தெளித்துத் திமிசு போட்டு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுத்தால் மழைநீர் நில்லாது. ஆனால் இறுகிய மண் பாரின் அடிக்கு ஆகாது, அங்கே மணல்தான். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் நேராகச் சிமெண்ட் போட்டால் மழையில் மண் உப்பும், வெயிலில் பிளக்கும், தளம் வெடிக்கும். கரிசலைத் தோண்டி எடுத்துச் சரளை நிரப்ப வேண்டும். தஞ்சை டெல்டாவின் களிமண்ணில் தண்ணீர் தேங்கும். அங்கே தரையை உயர்த்த வேண்டும். இதை யார் சொல்ல வேண்டும்? அந்த மண்ணிலேயே பிறந்து உழைக்கும் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாத மண் உண்டா? ஆனால் எஸ்டிமேட் போடும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

தரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டு மல்யுத்த சரித்திரமே சாட்சி. மகாராஷ்டிரத்துக் கிராமத்தில் பிறந்த கஷாபா ஜாதவ், கோலாப்பூரின் செம்மண் கோதாவில் வளர்ந்த வீரர். அங்கே மஞ்சளும் மோரும் எண்ணெயும் சேர்த்து மண்ணைப் பதப்படுத்துவார்கள். மல்லர்கள் தாங்களே மண்ணைக் கொத்திப் புரட்டுவார்கள். கொத்துவதே முதல் பயிற்சி. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பழக்கமில்லாத மெத்தை விரிப்பின்மீது நின்று பொருத வேண்டியிருந்தது. ஆறாவது இடமே கிடைத்தது. மெத்தையைப் பழகிக்கொண்டு 1952-ல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. வலிமை முன்பும் இருந்தது. தரையைப் பழகிய பிறகே பதக்கம் வந்தது. மணலில் தாண்டித் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்குப் பயிற்சியிலும் மணல் வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

எனவே நமது கோரிக்கைகள் இவை:

1. எஸ்டிமேட்டில் தரைக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பணம் குறைந்தால் ஒரு சாதனத்தைக் குறைக்கலாம். தரையைக் குறைக்கக் கூடாது.

2. விழக்கூடிய ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் ஓரடி ஆழ மணல் வேண்டும். ரப்பர் போட்டால் சாதனத்தின் உயரத்துக்கு ஏற்ற கனமும், சோதனைச் சான்றும், மேலே நிழலும் வேண்டும்.

3. ஏற்கெனவே பாரின் அடியில் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து மணல் நிரப்ப வேண்டும்.

4. மரம் நட வேண்டும். தண்ணீர்க் குழாயும் விளக்கும் வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரும், வேலை முடித்து இருட்டில் வரும் பெண்களும் பயமின்றிப் பயிற்சி செய்ய வேண்டும்.

5. தரையைக் கொத்தி நிரவ, சம்பளம் கொடுத்து ஓர் ஆளை நியமிக்க வேண்டும். பராமரிப்பில்லாத மணலும் ஒரு வருஷத்தில் கட்டாந்தரைதான்.

இந்தக் கோரிக்கைகளை எழுப்ப இடமும் உண்டு, நாளும் உண்டு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மைதானத்தின் எஸ்டிமேட்டை வாசிக்கச் சொல்லுங்கள். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி அளவுப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். நகரத்துத் தோழர்கள் வார்டு கவுன்சிலரைப் பூங்காவுக்கே அழைத்து வாருங்கள். அதிகமாக ஒன்றும் வேண்டாம். ஓரடிக் கம்பி ஒன்றைக் கையில் எடுத்துப் போய்ப் பாரின் அடியில் குத்திப் பாருங்கள். கம்பி முழுவதும் இறங்கினால் அது தரை. 'ணங்' என்று ஒலித்தால் அங்கே நம் பிள்ளையின் எலும்புக்கு ஆபத்து காத்திருக்கிறது.

மண்ணைப் பதப்படுத்தி ஊருக்குச் சோறு போடுகிறவர்கள் நாம். நம் பிள்ளைகள் கால் ஊன்றும் நாலு முழம் மண்ணைப் பதமாகக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்போம், பெறும்வரை கேட்போம்!