மழை நாளும் வாய்மேல் விரலும்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஓர் அநியாயம் நடக்கிறது. மைதானத்தில் தண்ணீர் தேங்கிவிட்டதாம். அதனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இடைவேளையிலும் வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டுமாம்! மழையை அவர்களா வரவழைத்தார்கள்?

'கூரைக்குள்ளே என்ன ஐயா விளையாடுவது?' என்று கேட்கிறவர்கள் தங்கள் பாட்டிமாரை மறந்துவிட்டார்கள் என்பேன். பதினான்கு குழிப் பல்லாங்குழியும் இரண்டு பிடி புளியங்கொட்டையும் இருந்தால் எண்ணிக்கை தானே வரும். ஐந்து கூழாங்கல் இருந்தால் அஞ்சாங்கல். சாக்கட்டி இருந்தால் தரையிலே ஆடுபுலி ஆட்டம். கால் துறுதுறுக்கும் பிள்ளைகளுக்குத் தாழ்வாரத்தில் நொண்டி.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான்கள் தரவேண்டும் என்கிறது. வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடுமா?

சத்தம் வரும் என்பீர்கள். வரட்டுமே! ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிற அறையில் சத்தமே இல்லையென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. கத்திச் சிரித்து ஓய்ந்த குழந்தைதான் அடுத்த பாடத்துக்குக் காது கொடுக்கும்.

தலைமையாசிரியர்களே, அடுத்த மழைக்கு முன்னால் அந்த அலமாரிச் சாவியை வகுப்பு வாத்தியாரிடம் கொடுத்துவிடுங்கள்.